சில்வர் பீச்சில் திணறும் சூப்பர்ஜெட்: 44 கார்ப் வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் தம்பி ஒருவர் பழைய யமஹா சூப்பர்ஜெட் ஒன்று, அதாவது தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கீ, வாங்கியிருக்கிறார். நின்றுகொண்டு ஓட்டும் வகை. 701 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 38 மி.மீ. மிக்குனி கார்ப் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்) இரண்டு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் அலையிலும், உப்பனாற்றுப் பக்கம் அமைதியான தண்ணீரிலும் ஓட்டுகிறார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் நிற்கிறது. ஆனால் சட்டென்று ரேஸ் கொடுத்தால் மூச்சடைத்த மாதிரி அமுங்கி, அப்புறம்தான் இழுக்கிறது. இரட்டை 44 கார்ப் போட்டால் இதுவும் சரியாகும், வேகமும் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா அண்ணா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. இந்த நோய்க்கு அது மருந்தே இல்லை. போட்டால் திணறல் கூடத்தான் செய்யும்.

காரணம் எளிய கணக்கு. 38-லிருந்து 44-க்குப் போனால் துளையின் பரப்பு 34 சதவீதம் கூடுகிறது. இன்ஜின் அதேதான், அது இழுக்கும் காற்றும் அதே அளவுதான். அப்படியானால் கார்ப் வழியாகப் போகும் காற்றின் வேகம் கால் பங்கு குறைந்துவிடும். பெட்ரோலை ஜெட்டிலிருந்து, அதாவது அது வரும் சின்னத் துளையிலிருந்து, உறிஞ்சி எடுப்பதே அந்தக் காற்றின் வேகம்தான். குறைந்த ஆர்பிஎம்மில் ஏற்கெனவே உறிஞ்சல் போதாமல் திணறுகிற இன்ஜினுக்கு, இன்னும் அகலமான வாயைக் கொடுத்தால் என்ன ஆகும்? மேலே, முழு வேகத்தில் மட்டும் பயன் தெரியும். அதுவும் சைலன்சர் பைப், ஹெட், ரீட் வால்வு எல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிய இன்ஜினில்தான். அலையில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது கீழ் ஆர்பிஎம்மில் விரல் அழுத்தியதும் கிடைக்கிற உதை. அதற்கு ஒழுங்காக செட் செய்த 38 இரட்டைக் கார்ப் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

உங்கள் ஊரில் ஆர்எக்ஸ் 100 ட்யூன் செய்யும் மெக்கானிக்குகள் கில்லாடிகள். அவர்களிடம் வண்டியைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இதில் மேலும் கீழும் போகும் ஸ்லைடு கிடையாது, கிளிப் மாற்றி வைக்கும் ஊசி கிடையாது, மிதவைத் தொட்டியும் கிடையாது. நின்று ஓட்டும் வண்டி விழும், கவிழும், தலைகீழாகும். மிதவை வைத்தால் வேலைக்கு ஆகாது. அதனால் டயாஃப்ரம் கார்ப். கிராங்க் கேஸின் (பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் இன்ஜின் அறை) துடிப்பு ஒரு சின்ன ஹோஸ் வழியாக வந்து பம்ப்பை ஆட்டுகிறது. பம்ப் பெட்ரோலை நீடில் வால்வு வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த நீடிலை ஒரு ஸ்பிரிங் நெம்புகோல் வழியாக மூடிப் பிடித்திருக்கிறது. இன்ஜின் உறிஞ்சும்போது டயாஃப்ரம் உள்ளே இழுபட்டு நெம்புகோலைத் தள்ள, நீடில் திறந்து பெட்ரோல் வருகிறது. நீடில் திறப்பதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதுதான் பாப்-ஆஃப் பிரஷர். உங்கள் திணறலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் சில விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். கார்ப் வேலை என்று வருகிறவற்றில் பாதி கார்ப் வேலையே இல்லை. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். வித்தியாசம் 10 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) மேல் போனால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள். அப்புறம் டேங்க்கின் காற்று ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கும். அது காற்றை டேங்க்குக்குள் விட வேண்டும், வெளியே விடக் கூடாது. உப்பு பிடித்து அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஐந்து நிமிடம் நன்றாக ஓடிய வண்டி முழு ரேஸில் படுத்துவிடும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அதுதான். ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங்கையும் பாருங்கள். அங்கே பெட்ரோல் ஒழுகாது, ஆனால் காற்றை உறிஞ்சும். ஹோஸில் குமிழி ஓடுவது தெரியும். துடிப்பு ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான்.

கிராங்க் கேஸ் கசிவுச் சோதனையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இன்டேக், எக்ஸாஸ்ட், துடிப்பு ஹோஸ் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு 5, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். வீட்டிலிருக்கும் பழைய பிபி மெஷினின் பல்பும் மீட்டரும் இதற்கு அருமையாகப் பொருந்தும். அதன் 300 மி.மீ. அளவு கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐதான். அதையே பாப்-ஆஃப் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள், எட்டவே எட்டாது. கிராங்க் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து கலவை லீன் ஆகும், அதாவது காற்று கூடி பெட்ரோல் பற்றாமல் போகும். அதற்கு நேரெதிர் ரிச், பெட்ரோல் அதிகம். எந்த ஜெட்டைப் போட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. பழைய வண்டி வாங்கியவர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது கடலூர், புதுவை இரண்டிலும் வெள்ளம் புகாத இடம் குறைவு. வண்டி அப்போது எங்கே நின்றது என்று விற்றவரிடம் விசாரியுங்கள். தண்ணீரில் நின்ற கிராங்க் பேரிங்குக்கு 44 கார்ப் போட்டு என்ன பயன்?

இதெல்லாம் சரியாக இருக்கிறதா? சரி, இனி கார்பைத் திறக்கலாம்.

முதலில் மிக்குனியின் அசல் ரிப்பேர் கிட் ஒன்று வாங்குங்கள். மலிவு கிட்டில் டயாஃப்ரம் கூட ஓரளவு தாங்கும், நீடிலும் சீட்டும்தான் காலை வாரும். பழைய டயாஃப்ரத்தை விரலால் மடித்துப் பாருங்கள். மெத்தென்று மடங்காமல் மொடமொடவென்று இருந்தால் திணறலுக்குப் பாதிக் காரணம் கையிலேயே இருக்கிறது. உள்ளே நெம்புகோலின் முனை அறையின் தரைமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தூக்கி நின்றால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் பற்றாது. துளைகளைச் சுத்தம் செய்ய கார்ப் கிளீனரும் காற்றும் போதும். கம்பியை விட்டுக் குடைந்துவிட்டால் அது எந்த நம்பர் ஜெட் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பாப்-ஆஃப் பார்க்க, 60 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரோடு கைப்பம்ப் ஒன்று வேண்டும். பெட்ரோல் வரும் குழாயில் அதை மாட்டி, திரும்பிப் போகும் குழாயை அடைத்துவிட்டு, நீடிலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு நனைத்து, மெதுவாக ஏற்றுங்கள். உலர்ந்த நீடில் தவறான கணக்குக் காட்டும். ஒரு கட்டத்தில் 'டப்' என்று திறந்து முள் விழும். விழுவதற்கு முன் காட்டிய எண்தான் பாப்-ஆஃப். மூன்று முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் நீடில்-சீட் போய்விட்டது. திறந்து மூடியபின் 10 பிஎஸ்ஐயில் ஒரு நிமிடம் சொட்டாமல் நிற்கவும் வேண்டும். இரண்டு கார்பும் ஒன்றுக்கொன்று ஓரிரு பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் இந்தக் கார்ப்களில் 20 முதல் 40 வரை பார்க்கலாம். கம்பெனி செட்டிங் பெரும்பாலும் உயரப் பக்கமே இருக்கும்.

இதை மாற்ற இரண்டு வழி: ஸ்பிரிங், சீட் அளவு. மிக்குனி சூப்பர் பிஎன் கார்புக்கு 65, 80, 95, 115 கிராம் என்று ஸ்பிரிங் கிடைக்கிறது; சீட் 1.5, 2.0, 2.3, 2.5 என்று. ஸ்பிரிங் மெலிந்தாலும், சீட் பெரிதானாலும் பாப்-ஆஃப் குறையும். உங்களைப் போல ஐடிலிலிருந்து திடீரென ரேஸ் கொடுக்கையில் அமுங்குவது, பாப்-ஆஃப் தேவைக்கு மேல் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஸ்பிரிங்கில் ஒரு படி மட்டும் இறங்கிப் பாருங்கள். ஸ்பிரிங்கை இழுத்தோ வெட்டியோ செட் செய்வது வேண்டாம். இன்று சரியாக இருக்கும், ஒரு மாதம் கழித்து வேறு கணக்குக் காட்டும். ரொம்பக் குறைத்துவிட்டால் எதிர்ப்பக்கத் தொந்தரவு: ஐடில் நிலையாக நிற்காது, அலையில் குதிக்கும்போது நீடில் தானாகத் திறந்து பெட்ரோல் வழியும், திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

திணறல் லீனா ரிச்சா என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். எளிய சோதனை ஒன்று உண்டு. தண்ணீரில், இன்ஜின் சூடானபின், சோக்கை லேசாக இழுத்துக்கொண்டு ரேஸ் கொடுங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் பற்றவில்லை. கூடினால் பெட்ரோல் அதிகம். காதுக்கும் தெரியும்: லீன் என்றால் சத்தமே அடங்கி மௌனமாக அமுங்கும், ரிச் என்றால் புகையோடு 'படபட'வென்று தட்டித் தட்டி ஓடும்.

செட் செய்யும் வரிசை கீழிருந்து மேல். பாப்-ஆஃப் முதலில், அப்புறம் லோ ஸ்பீடு ஸ்க்ரூ, பைலட் ஜெட், கடைசியில் மெயின் ஜெட்டும் ஹை ஸ்பீடு ஸ்க்ரூவும். ஐடிலுக்கு லோ ஸ்பீடு ஸ்க்ரூ. த்ராட்டில் மூன்றில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் பாப்-ஆஃபும் சேர்ந்து ஆட்சி செய்கின்றன. அதற்கு மேல் மெயின் ஜெட். ஹை ஸ்பீடு ஸ்க்ரூ கடைசிக் கால்பகுதியில்தான் நன்றாகத் தெரியும். மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் போதவில்லை என்றால் அதைத் திருகிக்கொண்டே இருக்காமல் மெயின் ஜெட்டை மாற்றுங்கள். பலரும் மெயின் ஜெட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், எண் பெரிதாக இருப்பதாலோ என்னவோ. கீழே தவறாக இருக்கும்போது மேலே செட் செய்தால், கீழே சரி செய்த அன்றைக்கு மேலேயும் திரும்பத் தொட வேண்டி வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் அசைக்காதீர்கள், நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டு கார்பின் பட்டாம்பூச்சி வால்வும் ஒரே நேரத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும், கைப்பிடியை முழுக்க அழுத்தினால் இரண்டும் முழுக்கத் திறக்கவும் வேண்டும். சும்மா கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒன்று பிந்தினால் ஒரு சிலிண்டர் பட்டினி, அதன் பிஸ்டன் முதலில் பிடிக்கும், அதாவது சூடேறி சிலிண்டரோடு இறுகிவிடும்.

ஜெட் நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதில்லை, மற்றவர் சொன்னாலும் வாங்காதீர்கள். அமெரிக்காக்காரர் ஒருவர் லேக் டாஹோவில் ஓட்டும் வண்டியின் நம்பரை அப்படியே போட்டால், அந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது, ஜெட் சின்னதாக இருந்தாலும் ஓடும். சில்வர் பீச் கடல் மட்டம். அதே ஜெட்டுக்கு இங்கே பிஸ்டன் பிடித்துவிடும். இன்னொன்று, மிக்குனியிலேயே அறுகோணத் தலை ஜெட்டும் வட்டத் தலை ஜெட்டும் வெவ்வேறு முறையில் எண்ணிடப்பட்டவை. பைக் கடையில் வாங்கிய 120-ம் இதிலிருக்கும் 120-ம் ஒன்றல்ல, திருகும் பொருந்தாது.

நம் ஊர்ப் பெட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால் இ20-க்கு சுமார் 13.5 போதும். ஆக ஜெட்டை மாற்றாமல் இ20 ஊற்றினால் கலவை எட்டு சதவீதம் வாக்கில் லீன் ஆகிறது. இந்த வண்டிகள் இ20 வருவதற்கு எவ்வளவோ முன்பே வடிவமைத்தவை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது, பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிரவும் வைக்கிறது. லீன் ஆனால் இரண்டும் ஒரேயடியாகக் குறையும். அதற்கு எதிராக வெயில் வேலை செய்கிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதத்துக்கு மேல் குறைகிறது, அதாவது கலவை ரிச் பக்கம் நகர்கிறது. மே மாத வெயிலில் எத்தனாலின் தவறை வெயில் மறைத்துவிடும். அப்போது கச்சிதமாக செட் செய்த வண்டியை ஜனவரி விடியற்காலையில் முழு ரேஸில் விட்டால்தான் ஆபத்து. அதனால் மெயின் ஜெட்டைக் குளிர்மாதக் காலையில் முடிவு செய்யுங்கள். வெயிலில் கொஞ்சம் ரிச்சாக ஓடினால் ஓடட்டும், புகைதான் வரும்.

எத்தனால் எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் அளவுக் குடுவையில் 100 மி.லி. பெட்ரோலோடு 10 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியில் தங்கும் அடுக்கு 10-ஐத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அது ஏறக்குறைய எத்தனால். இப்படிப் பிரித்து மேலே நிற்கும் பெட்ரோலை ஊற்றலாமே என்று மூளை வேலை செய்யும். வேண்டாம், ஆக்டேனும் சேர்ந்தே இறங்கியிருக்கும். எண்ணெய்க் கலவையைப் பொறுத்தவரை 50-க்கு 1 என்பது கம்பெனி அளவு. 'இன்ஜினுக்கு நல்லது' என்று 32-க்கு 1 ஆக்கினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் சற்றுக் குறைகிறது, அதுவும் லீன்தான். மாற்றுவதானால் ஜெட்டுக்கு முன்னால் மாற்றி, அதிலேயே நில்லுங்கள்.

சோதனை எல்லாம் தண்ணீரில் மட்டும். டிரெய்லரில் வைத்து ரேஸ் கொடுத்தால் சுமையே இல்லை, அங்கே சரியாக இருப்பது கடலில் சரியாக இருக்காது. கழுவும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், தண்ணீரை நிறுத்திய பிறகுதான் இன்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

மெயின் ஜெட் சரியா என்று பார்க்க பிளக்கைப் படிக்க வேண்டும். புது பிஆர்8எச்எஸ் பிளக் போட்டு, ஆளில்லாத நேரான தண்ணீரில் கொஞ்ச தூரம் முழு ரேஸில் போய், விரலை எடுக்காமலே கையில் கட்டிய கில் கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். மெதுவாகக் கரைக்கு ஓட்டி வந்து பார்த்தால் ஐடிலின் நிறம்தான் தெரியும். பீங்கானின் நுனியைவிட அதன் அடிவாரத்தில் இருக்கும் வளையம்தான் முக்கியம். அங்கே காப்பி நிறக் கோடு இருந்தால் நல்லது, வெள்ளையாக இருந்தால் உடனே ஜெட்டை ஏற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் பிளக் நிறம் மட்டும் நம்பத்தக்கதல்ல. முடிந்தால் ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையைப் பாருங்கள்: டிரான்ஸ்ஃபர் போர்ட் (கலவை சிலிண்டருக்குள் வரும் துளை) பக்கம் கரி படியாமல் கழுவிவிட்ட மாதிரி சின்ன இடம் இருந்தால் பெட்ரோல் போதுமானது, தலை முழுக்கக் காய்ந்த கரியாக இருந்தால் லீன்.

இதற்கு இடம் தேடுவதுதான் உண்மையான தலைவலி. சுண்ணாம்பாற்றில் படகுக் குழாம் ஆட்கள் எந்நேரமும் போய்க்கொண்டிருப்பார்கள், அங்கே வேண்டவே வேண்டாம். உப்பனாற்று முகத்தில் விசைப்படகு நடமாட்டம், வலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் நின்றாலும் நாட்டுப்படகுகள் போகும். உள்ளூர் மீனவர்களிடம் எங்கே வலை கிடக்கிறது என்று கேட்டு, கடலோரக் காவலுக்கும் சொல்லிவிட்டு இறங்குங்கள். கில் கயிற்றை இழுத்து நிறுத்திய பிறகு வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், அதனால் லைஃப் ஜாக்கெட்டோடு, கூட ஒரு படகும் இருக்கட்டும்.

44 எப்போது? பைப் மாற்றி, ஹெட் மாற்றி, ரீட் மாற்றி, ஆர்பிஎம் மேலே ஏறி, 38-ல் மெயின் ஜெட்டும் ஸ்க்ரூவும் சரியாக இருந்தும் உச்சியில் காற்று பற்றவில்லை என்று தெரிந்த பிறகு. அப்போதும் கார்ப் மட்டும் வாங்கி முடியாது: மேனிஃபோல்ட், ஃப்ளேம் அரெஸ்டர் (கார்பின் வாயிலிருந்து தீ வெளியே வராமல் தடுப்பது), கேபிள் எல்லாம் சேர்ந்து வரும், பாப்-ஆஃபை முதலிலிருந்து இறக்க வேண்டும், திரும்பும் ஹோஸில் இருக்கும் தடுப்பு ஜெட்டையும் பார்க்க வேண்டும். ஃப்ளேம் அரெஸ்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இன்னும் காற்று வரும் என்று ஒரு யோசனை உலவுகிறது. மூடிய கூண்டுக்குள் பெட்ரோல் ஆவி நிற்கும் இடத்தில் கார்ப் வழியாக ஒரு பேக்ஃபயர் வந்தால் என்ன ஆகும் என்று நானே விவரிக்க விரும்பவில்லை.

அக்டோபரில் மழை தொடங்கி வண்டியை நிறுத்தும்போது டேங்க்கைக் காலி செய்து, கார்பில் இருப்பதையும் ஓட்டித் தீர்த்துவிட்டு, சிலிண்டருக்குள் துருவைத் தடுக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து வையுங்கள். எத்தனால் பெட்ரோல் நம் கடற்கரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மூன்று மாதம் கார்பில் நின்றால், ஜனவரியில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

இப்போதைக்கு கம்ப்ரஷன் இரண்டும், பாப்-ஆஃப் இரண்டும், உள்ளே இருக்கும் பைலட், மெயின் ஜெட் நம்பர்களும், சோக் இழுத்தால் திணறல் கூடுகிறதா குறைகிறதா என்பதும் எழுதி அனுப்புங்கள். எந்த ஸ்பிரிங் வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.